கரை உடையவில்லை

பூவராகன் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட உலகம்மை அவரைவிடப் பல வயது இளையவர். பூவராகன் அவரை "அம்மை" என்பார். அவர் பூவராகனை "ஐயா" என்பார்.

பணியில் இருந்த காலமெல்லாம் பூவராகன் சிறிய மண் அணைகளைக் கட்டி, பின்பு அவற்றைச் சோதித்துத் தரம் கொடுக்கும் பொறியாளராக இருந்தவர். மலையடிவார ஓடைகளில் திடீரென்று இறங்கும் வெள்ளத்தைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதற்காகக் கட்டிய அணைகள் அவை. ஆண்டில் பெரும்பாலும் அவற்றில் தண்ணீர் இருக்காது. உள்ளே ஆடு மேயும். கரையில் விரிசல் இருக்கிறதா, எலி வளை பறித்திருக்கிறதா, அடியில் கசிகிற தண்ணீர் தெளிவாக வருகிறதா என்று பார்த்து எழுதுவார்.

மடத்துக்கு மேற்கே இருந்த ஓடையிலும் அப்படி ஓர் அணை இருந்தது. இளவயதில் அவரே முன்னின்று கட்டியது. ஓய்வுக்குப் பிறகு அவர் வேறெந்த மடத்தையும் தேடிப் போகாமல் இங்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அம்மைக்கு அது தெரியும். அதைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை.

அணைக்குக் கீழே நீளமான ஒரு பள்ளம். முன்பு அது ஓடை பாய்ந்த வழி. அணை வந்தபின், அது மெல்ல விடும் தண்ணீரை வாய்க்காலில் திருப்பிவிட்டதால் அங்கே தண்ணீர் வரவில்லை. வேலிகாத்தான் முள் மண்டிக் கிடந்தது. சில ஆண்டுகளாக அதை வெட்டிச் சமன்படுத்தி மனை போட்டு விற்றார்கள். மற்ற இடங்களைவிட விலை மலிவு.

ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்த செங்கோடன் அங்கே ஒரு மனை பார்த்தான். அவன் மனைவி பாவாயிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் அவனையும் இழுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தாள்.

அன்று மடத்தில் குருபூஜை. அம்மை அன்னதானத்துக்கு அரிசி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பாவாயி தயங்கித் தயங்கிப் பள்ளத்து மனையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும், அவர் அரிசியிலிருந்து கண்ணெடுக்காமல், அதெல்லாம் பூவராகன் ஐயாவுக்குத்தான் தெரியும், அவரிடம் கேள் என்று அனுப்பிவிட்டார்.

பாவாயி பூவராகனிடம் வந்தாள்.

"ஏனுங்கையா, எனக்குச் சின்னச் சின்னதா ரெண்டு புள்ளைங்க. அந்தப் பள்ளத்துல ஊடு கட்டிக் குடியிருக்கலாமுங்களா?"

பூவராகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாரும் அவரிடம் அணையைப் பற்றிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. இருவரையும் கரைமேல் அழைத்துப் போனார். உள்சரிவில் பதித்த கல்லைக் காட்டினார். வெளிச்சரிவில் அடர்ந்திருந்த புல்லைக் காட்டினார். முந்தின மழையில் தேங்கி அடியில் வடியும் தண்ணீரைக் கையில் ஏந்தி, எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள் என்றார்.

"இது நல்ல அணைம்மா. சுத்துவட்டாரத்துல இருக்கறதுல இதுக்குத்தான் முதல் தரம். இந்தக் கரை உடையாது."

செங்கோடன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். பாவாயியின் முகத்திலும் தெளிவு வந்தது. போகும்போது இருவரும் பூவராகனின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

வீடு எழும்பியது. அதைப் பார்த்துப் பக்கத்தில் இன்னும் சில வீடுகள் எழும்பின. வந்தவர்கள் எல்லாரும் பூவராகன் ஐயா சொன்னார் என்றே சொன்னார்கள்.

அந்த ஐப்பசியில் ஒரு பிற்பகல். கீழே நல்ல வெயில். மலைமேல் மட்டும் கறுத்துக் கொட்டியது. காட்டு வெள்ளம் அணைக்குள் இறங்கி நிறைந்தது. அணை அதைத் தாங்கியது. தாங்குகிற அளவைத் தாண்டியதும், மிஞ்சிய தண்ணீர் கரையை அரிக்காதபடி பக்கத்தில் கட்டியிருந்த கலிங்கின் வழியே வெளியேறியது. அதற்காகத்தான் அந்தக் கலிங்கு. கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட அது வழிந்ததில்லை. வழிந்த தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடிப் பள்ளத்தில் இறங்கியது.

பாவாயி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடிவிட்டாள். செங்கோடனும் மேட்டுக்கு வந்துவிட்டான். கட்டுத்தறியில் எருமை கத்துவது கேட்டு அதை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனான். மறுநாள் அவனை வேலிகாத்தான் புதரில் கண்டெடுத்தார்கள்.

அதிகாரிகள் வந்து அணையைச் சோதித்தார்கள். பூவராகனும் கூடவே நடந்தார். கரையில் ஒரு கீறல் இல்லை. கல் ஒன்றுகூட நகரவில்லை. வந்தவர்களில் இளையவர் ஒருவர், கரைக்கு அதே முதல் தரம்தான், ஆனால் ஆபத்து வகையை மாற்ற வேண்டியிருக்கிறது என்றார்.

கூட நின்ற அம்மைக்கு அது விளங்கவில்லை. பூவராகனைக் கேட்டார்.

அணைக்கு இரண்டு மதிப்பீடு உண்டு என்று பூவராகன் விளக்கினார். ஒன்று, கரை எப்படி இருக்கிறது என்பது. மற்றது, கரை உடைந்தாலோ தண்ணீர் மீறினாலோ கீழே இருக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்பது. இந்த அணைக்கு ஆபத்து குறைவு என்று எழுதியிருந்தது. அப்போது கீழே வேலிகாத்தானைத் தவிர எதுவும் இல்லை. இப்போது வீடுகள் வந்துவிட்டதால் அதிகம் என்று எழுதுவார்கள்.

"குறைவுன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."



அதன்பின் பூவராகனுக்குச் சோறு இறங்கவில்லை. தியானத்துக்கு உட்கார்ந்தால் எருமையின் கத்தல் கேட்டது. அவர் அதை நேரில் கேட்டவரே இல்லை. ஒருநாள் காலையில் அம்மையின் முன் வந்து நின்றார்.

"அம்மை, நான் சொன்னதுல பொய் எதுவும் இல்லை. கரை உடையாதுன்னேன். உடையல. அப்புறம் ஏன் என்னால தலை நிமிர்ந்து நடக்க முடியல?"

அம்மை எழுந்து மேற்கே நடந்தார். பூவராகன் பின்னால் போனார். வழக்கம்போல் அவர் கால்கள் கரைமேல் ஏறும் படிக்குத் திரும்பின.

"மேல வேண்டாம். கீழ வாங்க."

பள்ளத்தில் செங்கோடன் வீட்டின் கடைக்கால் மட்டும் மிச்சமிருந்தது. அம்மை அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்காரச் சொல்லி, அணையைப் பார்க்கச் சொன்னார்.

பூவராகன் நிமிர்ந்து பார்த்தார். வாழ்நாளில் எத்தனையோ அணைகளின் கரைமேல் நடந்திருக்கிறார். எந்த அணைக்கும் கீழே இப்படி உட்கார்ந்ததில்லை. இங்கிருந்து புல்லும் கல்லும் தனித்தனியாகத் தெரியவில்லை. மலையையும் பாதி வானத்தையும் மறைத்துக்கொண்டு கரை நின்றது. அதன் ஓரத்தில் கலிங்கு, நேராக இந்த இடத்தைப் பார்த்துத் திறந்திருந்தது.

சற்றுத் தள்ளி பாவாயி, வீட்டுச் சாமான் ஏதாவது கிடைக்குமா என்று சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் அவளுடைய அண்ணன் வீட்டில் இருப்பதாகவும், பெரியவன் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே அழுவதாகவும் அம்மையிடம் சொன்னாள். பிறகு பூவராகன் பக்கம் திரும்பினாள். அவர் எழுந்து நின்றார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றார்.

"கரை ஒடையலீங்கையா," என்றாள். "நீங்க சொன்னாப்லயே நின்னுது."

அவள் குரலில் குத்தல் இல்லை. கோபமும் இல்லை. அவரைத் தேற்றுவதற்காகவே அதைச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ச் சேற்றைக் கிளறத் தொடங்கினாள்.

பூவராகன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அம்மை காத்திருந்தார். வெயில் ஏறியது. இருவரும் எழுந்து மடத்தை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் பூவராகன் நின்றார்.

"நான் எங்க தவறினேன், அம்மை? சொல்லுங்க."

"அவ தன் பிள்ளைங்களைப் பத்திக் கேட்டா. நீங்க உங்க அணையைப் பத்திச் சொன்னீங்க."

 பூவராகன் மெல்லக் கேட்டார்.

"இதை நீங்க அன்னிக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

அம்மை அவரைப் பார்க்கவில்லை. பள்ளத்தில் குனிந்திருந்த பாவாயியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் அவ முகத்தைக்கூடப் பார்க்கலையே, ஐயா."