இறக்கத்தைக் கேட்ட செம்பி

செம்பி என்ற மட்டக்குதிரை, வேலை தேடி மலையடிவாரக் காட்டுக்கு வந்தாள். வண்டி இழுக்க அப்போதுதான் பழகியிருந்தாள். அவள் மேய்ந்த புல்வெளி கோடையில் கருகிப் போயிருந்தது. வேலை கிடைத்தால் கொள்ளு. கிடைக்காவிட்டால் பட்டினி. அவள் நிலைமை அவ்வளவுதான்.

அந்தக் காட்டில் வண்டிக்குத் தனியாக ஓட்டுநர் கிடையாது. இழுப்பவரே ஓட்டுபவர். மலையின் இந்தப் பக்கத்துக் கிழங்கும் பழமும் அந்தப் பக்கத்து ஓடைத்துறைக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு பெரிய ஏற்றம். அதைவிடப் பெரிய இறக்கம்.

பாதை தொடங்கும் இடத்தில், இலுப்பை மரத்தடியில், நரியாரின் வண்டிப்பேட்டை இருந்தது. வரிசையாக வண்டிகள், எல்லாவற்றுக்கும் மஞ்சளும் சிவப்புமாகச் சாயம். எதிர்ப்புறம் ஒரு காட்டுப்பன்றியம்மாவும் வண்டி வைத்திருந்தார். ஒரே வண்டி, அதற்குச் சாயமும் இல்லை, மணியும் இல்லை. அந்தப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"வாம்மா தங்கச்சி, வா!" என்று நரியார் வாய் நிறையச் சிரித்தார். "நம்ம பேட்டையில சேர்ந்தா கழுத்துக்கு ஜோடி மணி! நெத்திக்கு மயிலிறகு! கொள்ளு உன் வயிறு கொள்ளுற மட்டும்!"

கொள்ளு என்று கேட்டதுமே செம்பிக்கு வாயில் நீர் ஊறியது. பாவம், பசித்த வயிறு வேறு என்ன செய்யும்?

"ஒரு சின்னப் பரீட்சை மட்டும் இருக்கு. இந்த மூட்டைகளோட ஏத்தத்துல இழுத்துக் காட்டு, பாக்கலாம்!" என்றார் நரியார்.

செம்பியோடு அழகேசன் என்ற கழுதையும் வேலைக்கு வந்திருந்தான். பெயருக்கேற்ற அழகு இல்லாவிட்டாலும் ஆசைக்கு ஒன்றும் குறைவில்லை. இருவரும் ஆளுக்கொரு வண்டியை ஏற்றத்தின் உச்சிவரை இழுத்துக் காட்டினார்கள். நரியார் அங்கேயே மூட்டைகளை இறக்கச் சொல்லி, வெறும் வண்டிகளோடு பேட்டைக்கு அழைத்து வந்தார். வழியெல்லாம் ஒரே பாராட்டு.

"அடேயப்பா, என்ன தெம்பு! என்ன இழுப்பு! உங்க ரெண்டு பேருக்கும் வேலை உண்டு. குளம்பை வைங்க!"

குளம்பு வைப்பது அந்தக் காட்டு வழக்கம். பலகையில் ஈரக் களிமண்ணைப் பரப்பி வைப்பார்கள். வேலைக்குச் சேர்பவர் அதில் குளம்பைப் பதிக்க வேண்டும். மண் காய்வதற்குள் மனம் மாறினால் அழித்துவிடலாம். காய்ந்துவிட்டதோ, அடுத்த மழைக்காலம்வரை அந்த வண்டியை விட்டு விலக முடியாது.

நரியார் சொல்லி முடிப்பதற்குள் அழகேசன் பச்சக்கென்று குளம்பைப் பதித்துவிட்டான். "மயிலிறகு எங்க அண்ணே?" என்று நெற்றியையும் நீட்டினான்.

செம்பி காலைத் தூக்கினாள். தூக்கிய காலை மறுபடி கீழே வைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க நரியண்ணே. சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

"யோசிக்கிற வேலையா இது! நீ போயிட்டு வர்றதுக்குள்ள வேற ஆளு வந்துரும்!"

"வந்தா வரட்டும் அண்ணே. சாயங்காலம் பாக்கலாம்."

பசியில் காதடைக்கும்போது எதிரில் கொள்ளு மூட்டையை வைத்துக்கொண்டு பொறு என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? செம்பியால் முடிந்தது. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

அவள் குறுக்குப் பாதையில் மலையைத் தாண்டி ஓடைத்துறைக்குப் போனாள். பேட்டையில் நிற்கும் வண்டி எப்போதும் அழகாகத்தான் இருக்கும். மலை இறங்கி வந்த வண்டியைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

சற்று நேரத்தில் தடதடவென்று சத்தம் கேட்டது. நரியாரின் வண்டி ஒன்று சரிவில் பாய்ந்து வந்தது. அதை மயிலைக்காளை ஒருவர் இழுத்து வந்தார். இழுத்தார் என்று சொல்வதுகூடப் பொய். வண்டிதான் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. நான்கு கால்களையும் ஊன்றிச் சறுக்கி, ஓடைக்கரை மணலில் முட்டி தேய விழுந்து, எப்படியோ எழுந்து நின்றார்.

செம்பி ஓடிப்போய் அவருக்கு முட்டுக் கொடுத்தாள்.

"என்ன அண்ணே இப்படி வருது வண்டி?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் அவசரச் சரக்கு."

"கம்பெனி எப்படி அண்ணே?"

மயிலைக்காளை மேலே பார்த்தார். மரக்கிளையில் ஒரு காக்கை உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நரியார் வேவு பார்க்க வைத்திருந்த காக்கை அது.

"நல்ல கம்பெனிம்மா. ரொம்ப நல்ல கம்பெனி" என்றார் காளை, கிளையைப் பார்த்தபடியே.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பார்கள். இல்லையென்றால் "உண்மையைச் சொல்லுங்க" என்று நச்சரித்து அவரை வம்பில் மாட்டிவிட்டிருப்பார்கள். செம்பி இரண்டும் செய்யவில்லை. ஊர்க்கதை பேசுவதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"தூக்கமெல்லாம் எப்படி அண்ணே?"

"நின்னுக்கிட்டேதாம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் காளை.

காக்கைக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. செம்பிக்குத்தான் சுருக்கென்றது. குதிரை நின்றபடி தூங்கும், அதில் அதிசயமில்லை. மாடு அப்படியா? நாளெல்லாம் உழைத்த மாடு காலை மடக்கிப் படுத்து அசைபோடாமல் இருக்குமா? அவள் குனிந்து பார்த்தாள். காளையின் முட்டிகள் இரண்டும் புண்ணாகி வீங்கியிருந்தன. மடக்கவே முடியாத முட்டிகள். பின்தொடையிலும் வண்டி இடித்து இடித்துத் தோல் உரிந்திருந்தது.

பிறகு வண்டிச் சக்கரத்தைப் பார்த்தாள். இறக்கத்தில் சக்கரத்தை அழுத்திப் பிடிக்க ஒரு தடைக்கட்டை இருக்க வேண்டும். அது இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டுமே இருந்தன. கட்டையைக் கழற்றி எடுத்திருந்தார்கள்.

அவள் கண் கலங்கிவிட்டது. "வர்றேன் அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு மலையேறினாள்.

பேட்டையில் சரக்கு ஏற்றக் கூட்டம் சேர்ந்திருந்தது. முயல்கள் கேரட்டையும் கரடி பலாப்பழத்தையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டிருந்தன. பன்றியம்மாவும் எதிர்ப்புறத்திலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நரியாரோ அழகேசன் பதித்த களிமண்ணைச் சீக்கிரம் காயவைக்கத் தன் வாலால் விசிறிக்கொண்டிருந்தார்! பெரிய முதலாளிக்கு எத்தனை வேலை, பாருங்கள்.

"வந்துட்டியா தங்கச்சி! குளம்பை வை!"

"வைக்கிறேன் அண்ணே. அதுக்கு முன்னால எனக்கும் ஒரு சின்னப் பரீட்சை இருக்கு."

"உனக்கா? பரீட்சை வைக்கிறவன் நானு!"

"ஏத்தத்துல நீங்க என்னைப் பாத்தீங்க. இறக்கத்துல நான் உங்களைப் பாக்க வேண்டாமா? வண்டி நிறைய மூட்டை ஏத்துங்க. மேல நீங்க ஏறி உக்காருங்க. ஓடைத்துறைவரைக்கும் நானே கொண்டுபோய் இறக்கி விடுறேன்!"

கூட்டம் கலகலவென்று சிரித்தது. "நியாயந்தானே! ஏறுங்க நரியாரே!" என்றது கரடி.

நரியாரின் வால் விசிறுவதை நிறுத்தியது.

"எனக்கு இங்க ஆயிரம் வேலை கிடக்கு..."

"காத்திருக்கேன் அண்ணே."

"வயிறு வேற சரியில்ல..."

"குலுங்காமப் போறேன் அண்ணே."

"அந்த இறக்கத்துல எவனாவது ஏறி உக்காருவானா? உருண்டா எலும்புகூட மிஞ்சாது!" என்று கத்தினார் நரியார். கத்திய பிறகுதான் வாயைப் பொத்தினார்.

கூட்டத்தின் சிரிப்பு நின்றது.

"அப்போ அதுல பூட்டி நிக்கிறவங்க எலும்பு?" என்று கேட்டாள் செம்பி. குரலை உயர்த்தவே இல்லை. "மயிலைக்காளை அண்ணன் முட்டி ரெண்டும் புண்ணாக் கிடக்கு. தடைக்கட்டையை ஏன் கழட்டினீங்க?"

"கட்டை போட்டா வண்டி மெதுவா வருமே! சரக்கு சீக்கிரம் போக வேண்டாமா? இவங்களுக்காகத்தான் எல்லாம்!" என்று நரியார் கூட்டத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

"எங்க பேரைச் சொல்லாதீங்க! காளையை உருட்டிவிட்டு வர்ற அவசரம் என் பலாப்பழத்துக்கு வேண்டாம்!" என்று கரடி தன் பழங்களை வண்டியிலிருந்து இறக்கத் தொடங்கியது. முயல்களும் மூட்டைகளை இறக்கின. மயிலைக்காளையை உடனே அவிழ்த்துவிட வேண்டும், எல்லா வண்டிக்கும் கட்டை மாட்ட வேண்டும், அதுவரை ஒரு கேரட்கூட ஏறாது என்று சொல்லிவிட்டன.

அழகேசன் ஓடிவந்து களிமண்ணைத் தொட்டுப் பார்த்தான். ஓரமெல்லாம் காய்ந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தது. நாக்கை நீட்டி நக்கி நக்கித் தன் குளம்படியை அழித்தான். மயிலிறகு நெற்றியிலிருந்து எப்போது விழுந்தது என்று அவனுக்கே தெரியாது.

"புதுசா வந்தவளுக்கு இவ்வளவு வாயா! இனி இந்தக் காட்டுல உனக்கு யார் கொள்ளு போடுறான்னு பாக்குறேன்! பட்டினி கிட!" என்று நரியார் பல்லைக் கடித்தார்.

செம்பிக்குப் பயம் இல்லாமல் இல்லை. கொள்ளு மூட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். தெரிந்தே பசியோடு திரும்பி நடந்தாள், அதுதான் பெரிது.

"நில்லும்மா!" என்றது ஒரு குரல். பன்றியம்மா நின்றிருந்தார். "என்கிட்ட ஒரு வண்டிதான் இருக்கு. மணி கிடையாது. மயிலிறகு கிடையாது. கொள்ளும் நரி சொன்னதுல பாதிதான். வர்றியா?"

செம்பி வண்டியைச் சுற்றி வந்தாள். குனிந்து தடைக்கட்டையைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். கட்டை அசையவில்லை. நிமிர்ந்து கேட்க வாயைத் திறந்தாள்.

அதற்குள் வண்டி குலுங்கியது. பன்றியம்மா தன் கிழங்கு மூட்டைகளின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இறக்கத்தைத்தானே கேக்கப் போற? ஏறியாச்சு! கொள்ளைத் தின்னுட்டு வண்டியை எடு!"

நீதி: தான் ஏறி உட்கார அஞ்சும் வண்டியை நம்மை இழுக்கச் சொல்பவர் எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும், அந்த வேலைக்குத் தலையைக் கொடுக்கக் கூடாது.