தெளிந்த தொட்டி

"மேடம், எனக்குப் பயமா இருக்குங்க," என்றார் ராசப்பன்.

அவர் ஐம்பது வயது ஆராய்ச்சி மாணவர். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவர். வழிகாட்டி நஸ்ரீனுக்கு முப்பத்தைந்துதான். ஆனாலும் அவர் முன்னால் ராசப்பன் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

"சோதனை தோத்துப்போச்சா சார்?"

"இல்லீங்க. ஜெயிச்சிருச்சு."

ஆவாரம் இலைக் கஷாயத்தில் துத்தநாக உப்பைக் கலந்து, சுட்டு, ஒரு வெள்ளைப் பொடி செய்திருந்தார். சாயக்கழிவில் அதைப் போட்டு வெயிலில் வைத்தால் சாயம் உடைய வேண்டும். மூன்று வருடம் அது அசைந்தே கொடுக்கவில்லை. நேற்று, அவர் வீட்டு வாசலில் சாயக்கழிவு நிரப்பி வைத்திருந்த தொட்டியில் உடைந்துவிட்டது. காலையில் ரத்தச் சிவப்பாக நின்ற தண்ணீர், சாயங்காலம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி கிடந்தது.

"அப்புறம் என்ன பயம்?"

"இன்னைக்கு விடிஞ்சதும் பக்கத்து வீட்டு ஆடு அதுல வாய் வெச்சுக் குடிச்சிருச்சுங்க. மூணு வருசமா அந்தப் பக்கமே திரும்பாத ஆடு."

"ஆடு எப்படி இருக்கு?"

"நான் பஸ் ஏறுற வரைக்கும் நின்னுட்டுத்தான் இருந்துச்சு."

"தண்ணியில என்ன இருக்கு?"

"சாயம் துளிகூட இல்லீங்க. மெஷினே சொல்லுது."

"இல்லாததைக் கேட்கல சார். இருக்கிறதைக் கேட்டேன்."

சாயம் உடைந்தது சரி. உடைந்த துண்டுகளில் விஷம் உண்டா என்று ராசப்பன் பார்க்கவே இல்லை. நிறம் போன சந்தோஷத்தில் தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டார், பெரிய மனுஷர்.

மேசை மேல் அவர் கொண்டுவந்த புட்டி இருந்தது. தெளிந்த தண்ணீர். வழியெல்லாம் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார்.

நஸ்ரீன் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு சிட்டிகை சிவப்புச் சாயத்தை எடுத்துப் புட்டிக்குள் போட்டார்.

"ஐயோ! மேடம்!"

புட்டி முழுக்கச் சிவந்தது. நஸ்ரீன் அதை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ராசப்பன் புட்டியைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றே முக்கால். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். தெருப் பிள்ளைகள் அவர் வாசலில்தான் விளையாடும். வெயிலில் ஓடி ஓடித் தாகமெடுக்கும்.

உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"பழனாத்தா, பரண்ல சாயப் பொட்டலம் இருக்குது. அத்தனையும் எடுத்துத் தொட்டியில கொட்டு. இப்பவே."

"சாயமா? ஏனுங்க, அதை எடுக்கத்தானே மூணு வருசமா நாயா அலைஞ்சீங்க?"

"கொட்டு புள்ள. பார்த்தா பயம் வரோணும்."