வாசலில் போட்ட நாற்காலி

சுதந்திர தினத்தன்று காலையில் ஆசிரமத்தில் கொடி ஏறியது. மடிப்பிலிருந்த பூக்கள் கொட்டின. எல்லோரும் மிட்டாய் வாங்கிக்கொண்டு கலைந்தார்கள்.

மாசிலாமணி மட்டும் கம்பத்தடியில் நின்றார். வங்கி வேலையில் ஓய்வு பெற்று ஆசிரமத்துக்கு வந்தவர். குரு நாச்சியார் அம்மை அவரைவிட வயதில் இளையவர்.

"அம்மா, ஒரு சந்தேகம். தேசிய கீதம் பாடும்போது சமையல்கார கோலப்பன் கொட்டாவி விடுகிறார். மற்றவர்களுக்கு மிட்டாயில்தான் கண். சுதந்திரத்தின் அருமை இவர்களுக்கு ஏன் தெரிவதில்லை?"

அம்மை உள்ளே போய் ஒரு மர நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் போட்டார்.

"உட்காருங்கள். இன்று யார் வெளியே போனாலும் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்."

"வாசலைப் பூட்டட்டுமா?"

"வேண்டாம். திறந்தே இருக்கட்டும்."

முதலில் வந்தவர்கள் சிரித்தார்கள். "டீ குடிக்கப் போகணும் சார், பாஸ்போர்ட் காட்டணுமா?" என்றார் ஒருவர். மாசிலாமணியும் சிரித்து அனுப்பினார். அடுத்தவரிடம் எங்கே என்று கேட்டார். அதற்கடுத்தவரிடம் எதற்கு என்றும் கேட்டார். கொஞ்ச நேரத்தில் யாரும் சொல்லாமலே வரிசை ஒன்று உண்டாகியிருந்தது. யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கோலப்பன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார்.

"பேத்தி பள்ளிக்கூடத்துல ஆடுறா, ஐயா. பத்து மணிக்கு."

"சமையல்?"

"எல்லாம் இறக்கி வச்சாச்சு. பரிமாற ஆள் சொல்லிட்டேன்."

"நீங்களே பரிமாறிவிட்டுப் போங்கள்."

"அதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருமே."

"அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்."

கோலப்பன் திறந்திருந்த வாசலைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். பிறகு சமையல்கட்டுக்குத் திரும்பினார்.

மாலையில் கொடியை இறக்கி மடித்தார்கள். மாசிலாமணி அம்மையிடம் வந்தார்.

"இன்றைக்கு எல்லோருக்கும் அருமை தெரிந்திருக்கும், அம்மா."

"அப்படியா?" என்றார் அம்மை. "நாளையிலிருந்து யாரும் யாரையும் கேட்க வேண்டாம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் மாசிலாமணி முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். கையில் பால் தூக்குடன் கோலப்பன் வாசல்வரை வந்து நின்றார்.

"ஐயா, பால் வாங்கப் போகணும். போகலாமா?"

"சரி. ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள்."

கோலப்பன் வேகமாகப் போனார். மாசிலாமணி நாலடி நடந்து சட்டென்று நின்றார். அம்மையைத் தேடி ஓடினார். எங்கெங்கோ தேடிக் கடைசியில், கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அவரைக் கண்டார்.

"அம்மா, கோலப்பன் இன்றைக்கும் அனுமதி கேட்கிறார்! ஒரே நாளில் ஒரு மனிதர் இப்படி ஆகிவிட முடியுமா?"

"கேட்டாரா? நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

மாசிலாமணி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏழு மணிக்குள் வரச் சொன்னேன்."

அம்மை துணியைப் பிழிந்து உதறினார்.

"நாற்காலியை நான் நேற்றே உள்ளே வைத்துவிட்டேனே, ஐயா. நீங்கள் இன்னும் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

வாசல் பக்கம் ஓட்டமும் நடையுமாக யாரோ வரும் சத்தம் கேட்டது. கோலப்பன் மூச்சிரைக்க வந்து நின்றார். தூக்கிலிருந்து பால் சிந்தி வேட்டியெல்லாம் நனைந்திருந்தது.

"ஏழு ஆகலையே, ஐயா?"

மாசிலாமணி தலை குனிந்தார்.