பிரிக்காமல் ஒரு கையெழுத்து

அம்பாசமுத்திரத்தில் ஒரு சலூனில் இசக்கியப்பன் முடிவெட்டும் வேலை பார்த்தான். கடைக்குப் பெரிய கண்ணாடி ஒன்று கூரியரில் வந்திருந்தது. "ஒடஞ்சதை வாங்கிட்டு வந்தேன்னா, நாளையில இருந்து நீ கடைக்கு வராண்டாம்" என்று சொல்லித்தான் முதலாளி அதை எடுத்துவர அவனை அனுப்பினார்.

கூரியர் ஆபீசில் பெட்டியைத் தொட்டதுமே உள்ளே கலகலவென்றது.

"கண்ணாடி சார். பிரிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுதேன்."

மேனேஜர் அருமைராஜ் தலை நிமிரவில்லை. "முதல்ல 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'னு கையெழுத்துப் போடு. அப்புறம் பிரி. அதான் ரூல்."

"பிரிக்காம எப்படி சார் தெரியும்?"

"பெட்டி நல்லாருந்தா சாமானும் நல்லாருக்கும்."

பின்னால் வரிசை நீண்டது. இசக்கியப்பன் பேனாவை எடுத்தான்.

"சரி சார், போடுதேன். ஆனா இந்தப் பெட்டியை இப்படியே தென்காசிக்கு அனுப்பணும். நீங்களே புக் பண்ணிக்கிடுங்க. ரசீதுல மட்டும் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க."

மேனேஜர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். அது மறுபடியும் கலகலத்தது.

"ஒடஞ்ச கண்ணாடிக்கு அப்படி எழுதித் தர நான் என்ன கிறுக்கனா?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நானும் கிறுக்கன் இல்லியே சார்" என்றான் இசக்கியப்பன், பணிவாக.

மேனேஜரே கத்தியை எடுத்துப் பெட்டியைப் பிரித்தார். கண்ணாடி ஏழெட்டுத் துண்டாகக் கிடந்தது. 'உடைந்து வந்தது, மாற்றித் தரப்படும்' என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்.

இசக்கியப்பன் வெளியேறினான். வரிசையில் அடுத்து நின்ற அம்மாள், மேனேஜர் எடுத்துக் கொடுத்த தன் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"அந்தக் கத்தியை இப்படிக் குடுங்க சார்."