ஊசி முத்திரை குத்திய பேரிக்காய்கள்

ஆவணி பதினேழாம் நாள் காலை, நானூற்றுப் பன்னிரண்டு அழுகல் பழங்களுக்கு எதிரே குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தான் குன்றவாணன். வெகு காலத்துக்கு முன்னே பனிச்சாரல் என்ற மலைநாட்டை ஆண்ட அரசன் அவன். காலையில் ஒரு முடிவு எடுப்பான், மதியம் அதை மறப்பான், மாலையில் அதற்கே கோபப்படுவான்.

ஆப்பிளும் பேரியும் சபை நடுவே குவிந்து கிடந்தன. எல்லாம் அரண்மனைத் தோப்பில் தானாக உதிர்ந்தவை. தோல் பழுப்பேறி, அதன்மேல் சாம்பல் நிறப் புள்ளிகள் வட்டத்துக்குள் வட்டமாகப் பூத்திருந்தன.

"யார் போட்ட கோலம் இது?" என்றான் அரசன்.

"மந்திரக் கோலம், அரசே. போட்டவள் இதோ நிற்கிறாள்" என்றார் வல்லபராயர்.

வல்லபராயர் முத்திரையதிகாரி. தோப்பில் திருட்டைத் தடுக்க மூன்று ஆண்டுக்கு முன் ஒரு திட்டம் கொண்டுவந்தவர் அவர்தான். காய் எலுமிச்சை அளவு வந்ததும் ஐந்து ஊசி பதித்த முத்திரையை அதன் தோலில் குத்துவார். முத்திரை விழுந்த பழத்தை அவரைத் தவிர எவரும் தொடக்கூடாது. உதிர்ந்ததைப் பொறுக்குவதும் அவர் கைதான். இரண்டு விருந்துகளுக்கு நடுவே அரசன் அந்தச் சட்டத்துக்குத் தலையாட்டியிருந்தான்.

அவர் விரல் நீட்டிக் காட்டியது தோப்புக்காரி மாதியை. அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர வல்லபராயர் நெடுநாளாக அலைந்துகொண்டிருந்தார்.

"அரசே, இவள் குடிசை வாசலிலும் இரண்டு பேரி மரங்கள் நிற்கின்றன. அதில் ஒரு காய்கூட அழுகவில்லை. தங்கள் மரத்துக்கு வந்த நோய் இவள் மரத்துக்கு மட்டும் ஏன் வழி தெரியாமல் போயிற்று?"

அரசனுக்கு அது நியாயமாகப் பட்டது. "மாதி, என்ன சொல்கிறாய்?"

"என் மரத்துல யாரும் முத்திரை குத்தலீங்க, மகாராசா."

"அரச முத்திரையையே பழிக்கிறாள்" என்றார் வல்லபராயர்.

அதுவும் நியாயமாகப் பட்டது. மாதியை நாடு கடத்த அரசன் வாயெடுத்தபோது அமைச்சர் கார்மேகத்தரையர் செருமினார்.

"அரசே, சிறு சந்தேகம். வல்லபராயரே, அரச முத்திரைக்கு மந்திரத்தைத் தடுக்கும் வலிமை உண்டா, இல்லையா?"

வல்லபராயர் அரசன் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல முடியுமா? "உண்டு. அதிலென்ன சந்தேகம்?"

"அப்படியானால் இவை ஏன் அழுகின?" என்றான் அரசன்.

"அது... அவள் பக்கத்திலேயே இருந்தாள். தூரத்தில் இருந்தால் முத்திரைதான் ஜெயிக்கும்."

"ரொம்ப நல்லது. மாதி ஆற்றுக்கு அக்கரையில் காவலில் இருக்கட்டும். அவள் வீட்டு மரத்துப் பேரிக்காய் இருபதை அரசரின் அறையில் வைப்போம். பத்துக்கு மட்டும் நீங்கள் முத்திரை குத்துங்கள். அழுகினால் மற்றப் பத்துதானே அழுக வேண்டும்?"

"ஆமாம்" என்றார் வல்லபராயர், சற்றுத் தாமதமாக.

முத்திரையை இடுப்பிலிருந்து எடுத்துக் குத்தினார். ஊசிகளில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்ததை அரசன் பார்த்தான். அதன் பொருள் அவனுக்குத் தெரியவில்லை. வைக்கோலில் பழங்களைத் தள்ளித் தள்ளி வைத்து, அறையைப் பூட்டிச் சாவியை அவனே வைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் முத்திரை குத்திய பழங்களில் மிளகளவு பழுப்பு தெரிந்தது. அரசன் காவலாளிகளைச் சந்தேகித்தான். ஐந்தாம் நாள் பழுப்பு பாதிப் பழத்துக்குப் பரவியது. வைக்கோலைச் சந்தேகித்தான். ஏழாம் நாள் பத்திலும் சாம்பல் வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஐந்து ஊசித் துளைகள். மற்றப் பத்தும் பளபளவென்று இருந்தன. நம்மிடமே ஏதோ கோளாறோ என்று அரசன் தன்னையே சந்தேகித்தான்.

சபை கூடியது. மாதியையும் அழைத்து வந்தார்கள்.

"வல்லபராயரே, என் அறையிலுள்ள பழங்களில் குத்துவதற்கு முன் இந்த ஊசியை எங்கே குத்தினீர்கள்?" என்றான் அரசன். அமைச்சர் காதில் சொல்லிக் கொடுத்த கேள்வி அது.

"உதிர்ந்த நானூற்றுப் பன்னிரண்டிலும், அரசே. எண்ணியதையே மறுபடி எண்ணாமலிருக்க அழுகலுக்கும் ஒரு குத்து. அதுதான் முறை."

"அழுகலில் குத்திவிட்டு நல்லதில் குத்தினீர்கள்" என்றார் அமைச்சர்.

அரசன் இன்னும் தெளியவில்லை. "அழுகல் எப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்? அதற்குக் காலா இருக்கிறது?"

"கால் எதுக்குங்க? ஊசியில சவாரி வருது" என்றாள் மாதி. "தோல்ல ஓட்டை போட்டா உள்ளே போய் உக்காந்துக்கும். பாலுக்கு ஒரு சொட்டு உறை போதாதா?"

"முன்பே ஏன் சொல்லவில்லை?"

"மூணு வருசமாச் சொல்றேன். மனுவா எழுதிக் கொடுன்னாங்க. கொடுத்தேன். மனுவைப் படிக்கிறவரும் இவருதாங்க."

சபையில் யாரோ இருமினார்கள். வல்லபராயர் கூரையைப் பார்த்தார்.

"தோப்பு இனி மாதியின் பொறுப்பு. ஊசி முத்திரை இன்றோடு ஒழிந்தது" என்றான் அரசன். "வேறென்ன வேண்டும், கேள்."

"கிளையில சுருங்கிக் கறுத்துத் தொங்குதே, அந்தப் பழமெல்லாம் இறங்கணும், மகாராசா. அடுத்த வருசத்துக்கு உறை அதுதான். குழி வெட்டிப் புதைச்சாத்தான் மரம் தப்பும்."

அரசன் மறுபடி குழம்பினான். "முத்திரைப் பழமாயிற்றே. முத்திரையதிகாரியைத் தவிர எவரும் தொடக்கூடாது என்று நானே சட்டம் போட்டிருக்கிறேன்."

"போட்ட சட்டம் போட்டபடி இருக்கட்டும், அரசே" என்றார் அமைச்சர். "முத்திரையதிகாரி இங்கேதானே இருக்கிறார்?"

எல்லோரும் வல்லபராயரைப் பார்த்தார்கள். அந்த ஏழு நாளில் முதல் தடவையாக அரசன் சிரித்தான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான்.

மறுநாள் வல்லபராயர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். மொத்தம் இருநூற்று அறுபது மரங்கள். கீழே கூடையோடு மாதி நின்றாள்.

"ஐயா, உச்சியில இன்னும் ஒண்ணு."

"அது பழமா? கரிக்கட்டை மாதிரி இருக்கிறது."

"நல்லாப் பாருங்க, ஐயா. உங்க முத்திரை இருக்கும்."

அடுத்த ஆண்டு புரட்டாசி நான்காம் நாள் அரண்மனைத் தோப்பில் அறுவடை தொடங்கியது. ஒன்பது மரங்களில் மட்டும் அழுகல் கண்டது. அந்தப் பழங்களை அன்றே பறித்துப் புதைத்தார்கள்.