ஊருணியில் முளைத்த கொய்யா

பூங்குன்றைச் சீமையை ஆண்ட மல்லப்ப ராஜாவிடம் ஒரு கொய்யா மரம் இருந்தது. கடல் கடந்து வந்த வியாபாரி ஒருவன் கொடுத்த கன்று. அந்தச் சீமையில் வேறெங்கும் கொய்யா கிடையாது. ராஜா நல்லவர்தான். கேட்டால் கழுத்து மாலையைக்கூடக் கழற்றிக் கொடுப்பார். கொய்யாவை மட்டும் கண்ணில் காட்டமாட்டார். மரத்தைச் சுற்றி வலை, வலையைச் சுற்றி நான்கு ஈட்டிக்காரர்கள். தின்னும்போது விதையைத் துப்பக்கூட மாட்டார், அப்படியே விழுங்கிவிடுவார். துப்பினால் எவனாவது பொறுக்கிக்கொண்டு போய் நட்டுவிடுவானாம்.

அந்த வருஷம் ஊருக்கே வயிறு சரியில்லாமல் போயிற்று. குடிக்கும் ஊருணித் தண்ணீரில் நாற்றம். குழந்தைகள் துவண்டு கிடந்தார்கள். ஊருணிக்கு வரும் கால்வாயின் கரையில்தான் எருமை வளர்க்கும் இருபது குடும்பங்கள் இருந்தன. தளவாய் அனந்தப்பர் சபையில் எழுந்து, "எல்லாம் எருமைச் சாணி, மகாராஜா. அவர்களைத் துரத்தினால் தண்ணீர் தெளிந்துவிடும்" என்றார்.

எருமைக்காரர்களின் தலைவி மாயக்காள் கைகூப்பி நின்றாள்.

"சாமி, எங்க எருமைங்க தெக்க இருக்கிற குட்டையிலதான் படுக்கும். கால்வாய்ல கால் வைக்காது. கைப்புள்ளைகளத் தூக்கிக்கிட்டு நாங்க எங்க சாமி போவோம்?"

"எருமை வந்து சாட்சி சொல்லுமா?" என்று அனந்தப்பர் கேட்க, சபை சிரித்தது.

சபையில் ஏகம்பன் என்று ஒருவன் இருந்தான். ராஜாவையே கிண்டல் செய்துவிட்டு அவர் கையாலேயே வெற்றிலை வாங்கித் தின்கிற ஆள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"சொல்லும், தளவாயே. எது எதைத் தின்றதோ, அது வெளியே வரும்போது சொல்லிவிடும். மகாராஜா எனக்கு ஒரு மாதம் தர வேண்டும். ஆணையை மட்டும் இப்போதே எழுதிவிடலாம். தண்ணீரைக் கெடுத்தவர் யாராக இருந்தாலும் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும் என்று."

"யாராக இருந்தாலும்" என்று ராஜா அழுத்திச் சொல்லி, ஓலையில் தாமே முத்திரை வைத்தார்.

மாதம் முடிந்ததும் ஏகம்பன் இரண்டு மண்சட்டிகளோடு வந்தான். மாயக்காளும் பின்னால் வந்தாள். பாவம், மூட்டை முடிச்சைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"முதல் சட்டியில் இவள் தொழுவத்துச் சாணி. தண்ணீர் ஊற்றி வைத்தேன். கருவேலங்கன்று முளைத்திருக்கிறது. எருமை தின்பது கருவேலங்காய். அடுத்தது, கால்வாய் ஊருணியில் விழும் இடத்துச் சேறு. எருமைதான் கெடுத்தது என்றால் இதிலும் கருவேலம் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. வேறு ஏதோ ஒரு கன்று. எனக்குப் பெயர் தெரியவில்லை."

ராஜா குனிந்து பார்த்தார். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"இது கொய்யா! என் பழத்தைத் திருடித் தின்றவன் எவன்?"

"காவலைத் தாண்டியா? ஈட்டிக்காரர்களைக் கேட்டுவிட்டேன். அணில்கூட வரவில்லையாம். வலைக்குள் குருவியும் போகாதாம்."

"பின்னே, என்னைத் தவிர அதை வேறு யார்..."

ராஜா பாதியில் நிறுத்திக்கொண்டார். சபை தலைகுனிந்தது. சிரிப்பை அடக்க அதைவிட்டால் வேறு வழியில்லை.

"அனந்தப்பரே," என்றார் ராஜா மெதுவாக, "கால்வாய் ஓரமாக எனக்குப் புதிதாக ஒரு குளியல் மண்டபம் கட்டினீரே. அதை ஒட்டியிருக்கும் கழிப்பறையிலிருந்து குழாய் எங்கே போகிறது?"

"குழி தோண்டினால் நாளாகும் என்று... கால்வாய் பக்கத்திலேயே இருந்ததால்..." தளவாய் தலையைச் சொறிந்தார்.

ஏகம்பன் பணிவாக ஓலையை நீட்டினான்.

"யாராக இருந்தாலும் என்று எழுதியிருக்கிறது, மகாராஜா. வழித்துணைக்கு ஒரு எருமைக்கன்று தருகிறேன் என்கிறாள் மாயக்காள்."

"நான் போட்ட ஆணையை நானே மீற முடியாதே, ஏகம்பா. ஏதாவது வழி சொல்."

"மீற வேண்டாம். எல்லையைத் தாண்ட வேண்டும் என்றுதானே இருக்கிறது. திரும்பி வரக்கூடாது என்று இல்லையே. அந்தக் கழிப்பறையை இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே ஆழமான குழியோடு ஒன்று கட்டச் சொல்லுங்கள். தினமும் காலையில் எல்லையைத் தாண்டிப் போய்விட்டு வந்துவிடலாம்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். குழியைத் தளவாய் தம் கையாலேயே தோண்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. மாயக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூட்டையைப் பிரிக்க ஓடினாள்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"ஒரே ஒரு கொய்யாப்பழம்."

ராஜா வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு காவல்காரர்களைக் கூப்பிட்டார்.

"வலையைப் பிரியுங்கள். இவனுக்கு ஒரு கூடை கொடுங்கள். வீட்டுக்கு ஒரு கன்றும் போய்ச் சேரட்டும். இனி ஊரில் எல்லோரும் கொய்யா தின்ன வேண்டும்."

ஏகம்பனுக்கே திகைப்பு. "திடீரென்று ஏன் இத்தனை தாராளம், மகாராஜா?"

"இனிமேல் ஊருணியில் கொய்யா முளைத்தால் யாருடையது என்று நீ எப்படிச் சொல்வாய், பார்க்கிறேன்."