சாலிகிராமத்துப் புலி

சாலிகிராமத்தில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில் மூன்று புத்திசாலிகள் இருந்தார்கள். அப்படித்தான் அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் வெள்ளம், தீ, மிருகம் எல்லாம் செய்து தருவது தொழில். முதலாளி பரஞ்சோதி. மிருகத்துக்கு உடம்பு செய்பவர் தணிகாசலம். வெளிச்சமும் நிறமும் குமுதவல்லி பொறுப்பு.

கம்பெனியில் ஒரே சட்டம். டைரக்டர் சொன்னதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. கேட்டால் முட்டாள் என்று நினைத்துவிடுவாராம்.

இந்த முறை வந்த வேலை, கதாநாயகன் மேல் புலி பாயும் காட்சி. டைரக்டர் நாவுக்கரசன் வெள்ளிக்கிழமைக்குள் ஓகே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேலை ஐதராபாத்துக்குப் போய்விடும். பரஞ்சோதி கடையை மூடிவிட்டு ஆரணிக்குப் போக வேண்டும். அங்கே மாமனார் தன் அரிசி ஆலையில் மாப்பிள்ளைக்கென்று ஒரு நாற்காலி போட்டு, தினமும் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் புலியைப் பார்த்து நாவுக்கரசன் தாடியைச் சொறிந்தார். நல்லாத்தான் இருக்கு, ஆனா நிஜப் புலி மாதிரி இல்லையே என்றார். போய்விட்டார்.

மூவரும் வண்டலூருக்குப் போனார்கள். பூங்காவை மூடும்வரை நிஜப் புலியைப் பார்த்தார்கள். அது தூங்கியது. நடுவில் ஒரு தடவை புரண்டு படுத்தது. தணிகாசலம் பயபக்தியோடு வரைந்துகொண்டார்.

அடுத்த முறை திரையில் கதாநாயகன் ஈட்டியோடு உறுமினான். புலி தூங்கியது. அவன் பாய்ந்து ஓடிவந்தான். புலி புரண்டு படுத்தது.

நாவுக்கரசன் திரையை அணைக்கச் சொன்னார். பிறகு, பாய்கிற புலிதான் வேண்டும், ஆனால் முன்பு அது பஞ்சு மாதிரி மிதந்தது, கொஞ்சம் கனம் வேண்டும் என்றார்.

இதற்குக் கூட்டம் போட்டார்கள்.

"கொஞ்சம்னா எவ்ளோண்ணே?" என்றாள் குமுதவல்லி.

"ஒரு மூட்டை வெச்சா போதும்" என்றார் பரஞ்சோதி.

தணிகாசலம் தலையை ஆட்டினார். "ஒரு பக்கமா வெச்சா புலி சாஞ்சுடும் முதலாளி. ரெண்டா தொங்க விடுவோம்."

"எதுக்கும் சாரை ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

பரஞ்சோதி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "கேட்டா நம்மள என்னன்னு நினைப்பாரு, குமுதா?"

புலி முதுகில் இரண்டு அரிசி மூட்டை ஏறியது. மூட்டையில் மாமனார் ஆலையின் பெயர் வேறு. சணல் முடிச்சு மட்டும் அச்சு அசலாக இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது.

நாவுக்கரசன் மூட்டையை இறக்கச் சொன்னார். புலி மேல் இனி யாரும் கை வைக்கக் கூடாது, ஆனால் காட்சி வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று கத்திவிட்டுப் போனார். நியாயந்தானே என்றார்கள் மூவரும். கதாநாயகனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பசுமாட்டை நிறுத்தினார்கள். புலிக்கு அதுதான் பொருத்தம் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை. மாட்டைப் பார்த்த நாவுக்கரசன் கைகூப்பினார்.

"ஐயா, நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். பண்ணதையெல்லாம் எடுத்துடுங்க. ஆரம்பத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே குடுங்க. சாயங்காலம் தயாரிப்பாளர் வர்றாரு."

முதல் புலியைத்தான் சொன்னார். உங்களுக்குப் புரிகிறது. எனக்கும் புரிகிறது.

ஆரம்பம் எது என்று மத்தியானம்வரை விவாதித்தார்கள். முதல் புலியும் நாம் பண்ணியதுதானே, அதையும் எடுக்கத்தானே சொன்னார் என்றார் தணிகாசலம். மறுக்க ஆளில்லை. எடுத்தார்கள். மிஞ்சியது, படப்பிடிப்பில் எடுத்தது. படப்பிடிப்பில் ஏது புலி? ஸ்டண்ட் நடிகர் மாசிலாமணி உச்சிமுதல் பாதம்வரை நீலத்துணி மாட்டி, நாலு காலில் ஓடிவந்து பாய்வார். அவரை அழித்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் புலியை வைப்பது. இப்போது அழிக்கவில்லை.

சாயங்காலம் திரையிட்டார்கள். நீல மாசிலாமணி உறுமிக்கொண்டு பாய்ந்தார். கதாநாயகன் மேல் தொப்பென்று விழுந்தார். அந்த உடம்பு விழுந்தால் யாரும் அலறுவார்கள். அவனும் உள்ளபடியே அலறினான். கதவோரம் நின்ற பரஞ்சோதி மனசுக்குள் ஆரணி பஸ் ஏறிவிட்டார்.

நாவுக்கரசன் எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"இதுதான்யா நான் கேட்டது. கனம் இருக்கு. கோபம் இருக்கு. ஓகே."

தயாரிப்பாளரும் கைதட்டினார். போகும்போது நாவுக்கரசன் திரும்பி, ஒரே ஒரு சின்னத் திருத்தம் என்றார். அந்த நீலம் மட்டும் கண்ணை உறுத்துகிறது, மஞ்சளாக்கி மேலே கறுப்புக் கோடு போட்டுவிடுங்கள்.

மறுநாள் காலை மாசிலாமணி வீட்டுக் கதவு தட்டப்பட்டது. லுங்கியோடு வந்து திறந்தார். வாசலில் மூன்று பேர். குமுதவல்லி கையில் ஒரு டின் மஞ்சள் பெயிண்ட், தணிகாசலத்திடம் கறுப்பு டின்னும் பிரஷும்.

"சிரமத்துக்கு மன்னிக்கணும்ணே" என்றார் பரஞ்சோதி. "படம் அடுத்த வாரம் ரிலீஸ். பனியனைக் கழட்டிட்டு நாலு கால்ல நில்லுங்க, ரெண்டு கோட்டிங் அடிச்சுட்டுப் போயிடறோம்."